மினுக்கை நம்பிப் போட்ட நான்கு போல்ட்டுகள்

மணப்பாட்டிலிருந்து பழுதுக்கு வந்த ஒரு ஃபைபர் வள்ளத்தின் பின்பலகையில், இயந்திரத்தைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். முதலிரண்டும் முறையாகக் கழன்றன. மூன்றாவதன் நட்டில் ஸ்பேனரை வைத்துப் பாதிச் சுற்றுகூடச் சுற்றவில்லை. மறுபக்கத்தில் இருந்த போல்ட்டின் தலை மட்டும் தனியே கழன்று மணலில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். தலை, புதிதாக வாங்கி வந்த அன்று இருந்ததுபோலவே மின்னியது. பலகைக்குள் சிக்கியிருந்த தண்டைத் தட்டி வெளியே எடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது: 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டிய தண்டு, ஓர் அங்குல நீளத்துக்குப் பென்சில் முனைபோல மெலிந்து, கரும்புள்ளிகளும் குழிகளுமாக அரித்துக் கிடந்தது. ஓட்டையிலிருந்து அழுகல் நாற்றத்தோடு பழுப்பு நிறத் தண்ணீர் வழிந்தது. நான்காவது போல்ட்டும் அதே நிலையில்தான் இருந்தது.

அந்தப் படகின் சொந்தக்காரர் அருகில்தான் நின்றுகொண்டிருந்தார். "தம்பி, இது நீ போட்ட போல்ட்டுதான?" என்று கேட்டார். "ஆமாண்ணே, நான்தான் போட்டேன்" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. பதினான்கு மாதங்களுக்கு முன்பு என் கையால் முறுக்கிய போல்ட்டுகள் அவை. எத்தனை நாட்களாக அந்த இயந்திரம் இரண்டே போல்ட்டுகளில் தொங்கிக்கொண்டு, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு, கரை தெரியாத தூரம் போய்வந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது. தூத்துக்குடியில் படகுப் பட்டறை நடத்தும் இத்தனை ஆண்டுகளில், அன்று கற்ற அளவுக்கு வேறு எந்த நாளும் நான் கற்றதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் போல்ட்டுகளைக் கடையில் வாங்கும்போது "கடலுக்குப் போடுகிற எஸ்.எஸ். வேண்டும், 316 வேண்டும்" என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன். எஸ்.எஸ். என்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அதாவது நம் எவர்சில்வர்; 316 என்பது அதில் ஒரு தரம். 316 என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். விலையும் அதற்கேற்பவே வாங்கினார்கள். பெட்டியில் முத்திரை இல்லை, பில்லில் தரம் எழுதப்படவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஒடிந்த தண்டை எடுத்துக்கொண்டு, பழைய உலோகம் மொத்தமாக வாங்கும் ஒருவரிடம் போனேன். உலோகத்தின் கலவையைச் சில நொடிகளில் காட்டும் துப்பாக்கி போன்ற கருவி அவரிடம் உண்டு. அதில் வைத்துப் பார்த்தபோது மாங்கனீசு 9 விழுக்காட்டுக்கு மேல் காட்டியது. நிக்கல் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தது. மாலிப்டினம் அறவே இல்லை. பாத்திரத்துக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் பயன்படும் மலிவான 200 வரிசைச் சரக்கு அது.

நம் வீடுகளில் எவர்சில்வர் டம்ளர் முப்பது ஆண்டுகள் துருப்பிடிக்காமல் இருக்கிறது. பாட்டி பெயர் வெட்டிய பாத்திரத்தைப் பேத்தியும் புழங்குகிறாள். அதனால் எவர்சில்வர் என்றால் எந்த இடத்திலும் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை நமக்குள் ஊறிவிட்டது. டம்ளர் தினமும் நல்ல தண்ணீரில் கழுவப்பட்டுக் காற்றில் உலர்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த உலோகத்தின் உயிரே அந்தக் காற்றில்தான் இருக்கிறது. இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்தால், அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அவற்றில் இரண்டு மூன்று கூறு அளவே இருக்கும் அந்தப் படலம்தான் காவல். கீறினாலும் ஆக்சிஜன் கிடைத்தால் உடனே தானாக மூடிக்கொள்ளும்.

கடல் நீரின் குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கிறது. திறந்த இடத்தில் துளை விழுந்தாலும் பெரும்பாலும் படலம் மீண்டும் கூடிவிடும். ஆனால் வாஷருக்கு அடியில், ரப்பருக்கு அடியில், நனைந்த மரத்தின் ஓட்டைக்குள் நீர் அசையாமல் தேங்கும்போது அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. கரைந்த உலோகம் மேலும் குளோரைடை உள்ளே இழுக்கிறது, இடுக்கில் இருக்கும் நீர் அமிலமாக மாறுகிறது, அதன்பின் அரிப்பு வேகமெடுக்கிறது. போல்ட்டின் தலை மின்னியதும் தண்டு கரைந்ததும் ஒரே காரணத்தால்தான்: தலைக்குக் காற்று கிடைத்தது, தண்டுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே படகுக்கு எஸ்.எஸ். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியும் பகுதிக்காக அல்ல, தெரியாத பகுதிக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் முடிவு.

தரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 304 என்பதில் ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 316-இல் குரோமியம் 16 முதல் 18 வரை, நிக்கல் 10-க்கு மேல், அதோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம். இந்த மாலிப்டினம்தான் குளோரைடின் துளைப்பை எதிர்க்கிறது. விலை ஏறுவதற்கும் அதுவும் கூடுதல் நிக்கலுமே காரணம். 202 போன்ற 200 வரிசையில் விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். புதிதாக இருக்கும்போது இவை மூன்றையும் அருகருகே வைத்தால், இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள எனக்கே வேறுபாடு தெரியாது. படகுக்கு நான் இப்போது 316-க்குக் கீழே எதையும் தொடுவதில்லை. ஓர் இயந்திரத்தை மாட்டும் நான்கு போல்ட்டுகளுக்கு 304-க்கும் 316-க்கும் உள்ள விலை வேறுபாடு, ஒரு நாள் எரிபொருள் செலவைக்கூடத் தாண்டாது.

காந்தம் வைத்துப் பார்க்கலாமே என்று பலரும் கேட்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காந்தம் பலமாக ஒட்டினால் அது 410 போன்ற 400 வரிசைச் சரக்கு அல்லது முலாம் பூசிய இரும்பு என்று தள்ளிவிடலாம். ஆனால் ஒட்டாவிட்டால் அது நல்ல சரக்கு என்று ஆகிவிடாது, ஏனெனில் 202-உம் ஒட்டாது, 304-உம் ஒட்டாது, 316-உம் ஒட்டாது. குளிர்நிலையில் அடித்து உருவாக்கிய போல்ட்டு என்றால் நல்ல 304-இல்கூடக் காந்தம் இலேசாகப் பிடிக்கும். ஆகவே காந்தத்தை நம்பி நல்லதைத் தள்ளிவிடவும் கூடும், கெட்டதை ஏற்கவும் கூடும்.

தலையில் பொறித்த எழுத்தைப் பாருங்கள். ஏ2 என்றால் 304 வகை. ஏ4 என்றால் 316 வகை. அதற்கு அடுத்து 70 என்றிருந்தால் இழுவிசை வலிமை 700 மெகாபாஸ்கல், 80 என்றிருந்தால் 800. தயாரிப்பாளரின் குறியும் கூடவே இருக்க வேண்டும். சிறிய திருகாணிகளில் எழுத்து இருக்காது. அவற்றுக்கு மாலிப்டினம் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டு, சிறிய பேட்டரியின் முனைகளைத் தொட்டு, மாறும் நிறத்தை உடன் வரும் அட்டையோடு ஒப்பிட வேண்டும். நான் மொத்தமாக வாங்கும் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டை எடுத்துச் சோதிக்கிறேன்; பில்லில் "316" என்று எழுதித் தராத இடத்தில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: போல்ட்டு 316 ஆக இருக்கும், ஆனால் அதோடு அள்ளிப் போடும் வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் வேறு சரக்காக இருக்கும். பட்டறைக்கு வரும் படகுகளில் முதலில் அழுகியிருப்பது பெரும்பாலும் அந்த வாஷர்தான். அதன் துருதான் போல்ட்டின் மேல் படிந்து அதையும் கெடுக்கத் தொடங்குகிறது.

நல்ல சரக்கை வாங்கிவிட்டால் மட்டும் போதாது என்பதை நான் அந்த மணப்பாட்டு வள்ளத்தைச் சரிசெய்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். பின்பலகைக்குள் இருந்த பிளைவுட்டு ஊறிப் பஞ்சுபோல ஆகியிருந்தது. அப்படிப்பட்ட ஈரத்துக்குள் அசல் 316-ஐப் போட்டாலும் சில ஆண்டுகள் கூடுதலாகத் தாங்குமே தவிர, அதுவும் அரிக்கவே செய்யும். எனவே இப்போது எந்தப் போல்ட்டையும் மரத்தில் நேரடியாக ஓட்டை போட்டு நுழைப்பதில்லை. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முதலில் 16 மில்லிமீட்டரில் துளையிட்டு, மரத்தை நன்றாக உலரவிட்டு, அந்தத் துளை முழுவதையும் கெட்டியாகக் குழைத்த எபாக்ஸி என்ற பிசினால் அடைத்து, அது இறுகிய மறுநாள் அதன் நடுவே 10 மில்லிமீட்டரில் மீண்டும் துளையிடுகிறேன். இதனால் போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது. நீர் இறங்கினாலும் மரத்துக்குள் பரவாது. அடைப்புக்குப் பாலியூரிதேன் வகைப் பசையைத்தான் பயன்படுத்துகிறேன். காடி நாற்றம் அடிக்கும் மலிவான சிலிக்கோன் பசையை அந்த இடத்தில் போடாதீர்கள். அந்த நாற்றமே அதிலிருந்து வெளிவரும் அமிலத்தின் நாற்றம். பசையைத் தலைக்கு அடியிலும் தண்டிலும் தாராளமாகத் தடவி, முதலில் பாதி முறுக்கி, பசை இறுகிய பிறகு மீதியை முறுக்கினால், எல்லாப் பசையும் பிதுங்கி வெளியேறாமல் வாஷருக்கு அடியில் ஒரு மெத்தையாக நிற்கும்.

முறுக்கும்போது ஒரு தொல்லை உண்டு. புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மாட்டுகிறார்கள். எஸ்.எஸ். நட்டை எஸ்.எஸ். போல்ட்டில் வேகமாக முறுக்கினால், மரைகள், அதாவது திருகு வரிகள், ஒன்றோடொன்று உரசி, அந்த மெல்லிய படலம் கிழிந்து, உலோகமும் உலோகமும் பற்ற வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டில் இது இன்னும் எளிதாக நடக்கும். மரையைத் துடைத்து, பிடிப்புத் தடுக்கும் பசையைத் தடவி, மின்முறுக்கியை ஒதுக்கிவிட்டு, கையால் மெதுவாக முறுக்கினால் இந்தச் சிக்கல் வராது. நட்டு சூடாவது கையில் தெரிந்தால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள்.

நீர்மட்டத்துக்கு மேலே, காற்றுப் படும் இடங்களில் உள்ள கயிறு கட்டும் கொம்பு, கைப்பிடி, கீல் முதலியவற்றில் 316 நன்றாகவே உழைக்கிறது. எப்போதும் நீருக்குள் கிடக்கும் இடங்கள் வேறு கதை. அங்கே சிலிக்கான் வெண்கலம் பொருத்தமானது. படகைத் தள்ளும் சுழலியின் தண்டுக்கு, 22 விழுக்காடு குரோமியம் உள்ள 2205 டியூப்ளெக்ஸ் என்ற எஸ்.எஸ். வகை கிடைத்தால் அதைப் போடலாம். பித்தளைத் திருகாணியை மட்டும் நீருக்கு அடியில் போடாதீர்கள். அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், இளஞ்சிவப்பு நிறத்தில் சொரசொரப்பான செம்பு மட்டும் மிஞ்சும்; விரலால் நசுக்கினாலே உதிரும். எங்கள் ஊரில் தோணி கட்டிய முதிய ஓடாவி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, ஆணியை எடை பார்த்தும் உடைத்துப் பார்த்தும்தான் தாங்கள் வாங்கியதாகச் சொன்னார். எங்களுக்கு உடைத்துப் பார்க்கும் வழக்கம் விட்டுப்போனது ஒரு பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஒரு உலோகத்தின் பக்கத்தில் எந்த உலோகம் இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால், இளைத்தது கரைந்து மற்றதைக் காக்கும். எஸ்.எஸ்.-உம் அலுமினியமும் சேர்ந்தால் கரைவது அலுமினியம். நிழற்கூரைக்கு அலுமினியக் குழாய் போட்டு, அதில் எஸ்.எஸ். திருகாணி அடித்த படகுகளைப் பார்த்தால், ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் வெள்ளை மாவு பொங்கி, ஓட்டை பெரிதாகி, திருகாணி தளர்ந்து ஆடும். நைலான் வாஷரும் நைலான் குழலும் வைத்து இரண்டையும் பிரித்தால் இது நிற்கும். இதைவிட மோசமானது, பெரிய எஸ்.எஸ். தகட்டைச் சிறிய அலுமினிய ரிவெட்டால் அடிப்பது. சிறியது கரையும் பக்கமாக இருந்தால் அதன் ஆயுள் மிகக் குறைவு.

இனி டிரெய்லரைப் பற்றி. ஊர்களிலிருந்து படகைப் பட்டறைக்கு ஏற்றி வரும் என் டிரெய்லர் கடலில் இறங்குவது ஆண்டுக்குச் சில முறைதான். ஆயினும் அது படகுகளைவிட வேகமாகத் துருப்பிடித்தது. காரணம் புரியச் சில காலம் பிடித்தது. தூத்துக்குடியைச் சுற்றிலும் உப்பளங்கள். காற்று வீசினால் சாலையிலேயே நாக்கில் உப்புக் கரிக்கும். மழையோ பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதோடு சரி. அந்த மழையும் டிரெய்லரின் மேற்பக்கத்தைக் கழுவுமே தவிர, அடிப்பக்கத்தைத் தொடாது. அங்கே படிந்த உப்பு இரவுப் பனியில் கசிந்து, பகலில் காய்ந்து, மறுநாள் மீண்டும் கசிகிறது. குனிந்து பார்த்தபோது மேலே வெறும் பழுப்புக் கறை இருந்த அதே குறுக்குச் சட்டத்தின் கீழ்ப்பக்கம் அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்தது.

பெயிண்ட் அடித்த சட்டத்தை விட்டுவிட்டு, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டத்துக்கு மாறினேன். அதில் விளக்குத் தாங்கி, மட்கார்டு, படகு உட்காரும் கட்டைகளைப் பிடிக்கும் போல்ட்டு, உருளைகளின் ஊசி ஆகியவற்றுக்கு 316 போட்டிருக்கிறேன். பெரிய துத்தநாகப் பரப்பில் சிறிய எஸ்.எஸ். போல்ட்டு என்பதால் கரைவு குறைவு. வாஷரைச் சுற்றித் துத்தநாகம் மங்குகிறதா என்று பார்த்து, அங்கே துத்தநாகப் பூச்சைத் தொட்டுவிடுவேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எஸ்.எஸ். மீது ஆசை வந்தவர்கள் டிரெய்லரின் எல்லாப் போல்ட்டுகளையும் அதற்கு மாற்றிவிட நினைக்கிறார்கள். இழுவை வண்டியோடு இணைக்கும் கொக்கி, அச்சைத் தாங்கும் யு போல்ட்டு, சக்கர நட்டு ஆகியவற்றை மாற்றாதீர்கள். அங்கே பெரும்பாலும் இருப்பது 8.8 என்று தலையில் பொறித்த வலுவான எஃகு. அது நிரந்தரமாக நீளாமல் ஏறக்குறைய 640 மெகாபாஸ்கல் தாங்கும். ஏ4-70 போல்ட்டு தாங்குவது 450 மட்டுமே. துரு பிடிக்காத, ஆனால் வலு குறைந்த போல்ட்டு சாலையில் அறுந்தால், பின்னால் வருபவர் உயிருக்கு ஆபத்து. அந்த இடங்களில் அதே வலிமையுள்ள துத்தநாகம் பூசிய போல்ட்டைப் போட்டு, கிரீஸ் தடவி, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவதே முறை.

படகை டிரெய்லர் மேல் இழுக்கும் வின்ச்சில் எஸ்.எஸ். கம்பிவடம் வைத்திருந்தேன். வெளியே பளபளப்பாக இருந்த வடம், கொக்கியோடு நசுக்கிச் சேர்த்த குழலுக்குள் அழுகி, படகு பாதி ஏறியிருக்கும்போது பட்டென்று அறுந்தது. நல்லவேளையாக அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, நேரே யாரும் நிற்கவில்லை. இப்போது வலுவான நாடாவையே பயன்படுத்துகிறேன். அது கெட்டுப்போவது வெளியிலேயே தெரியும். அணியத்தில் இழுக்கும் வளையத்துக்கு 316 யு போல்ட்டு, அதன் உட்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாங்குதகடு. தகடு இல்லாமல் வெறும் வாஷரோடு போட்டால் ஃபைபரையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

வெல்டிங் செய்ய நேர்ந்தால் 316 எல் என்ற கரி குறைந்த வகையைக் கேட்டு வாங்குங்கள். ராடும் அதற்கேற்றதாக இருக்கட்டும். பற்றவைத்த இடத்தில் வானவில்போல நிறம் படரும். அழகாக இருக்கிறதென்று அதை விட்டுவிட்டால் முதல் துரு அங்கேதான் தோன்றும். அதை நீக்கியே ஆக வேண்டும். இரும்பு அறுத்த அதே சக்கரத்தால் எஸ்.எஸ்.-ஐத் தேய்ப்பதும், இரும்புப் பிரஷ்ஷால் துலக்குவதும் இரும்புத் துகளை அதில் விதைப்பதற்குச் சமம். மேற்பரப்பில் டீத் தண்ணீர் சிந்தியதுபோல வரும் பழுப்புக் கறைக்குச் சிட்ரிக் அமிலக் கரைசலும் துணியும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, கரைக்கு வந்ததும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுவதைப்போல் மலிவான பராமரிப்பு வேறில்லை. தண்ணீருக்கே அல்லாடும் கரைகளில் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இயந்திரத்துக்கு ஊற்றும்போது போல்ட்டுகளுக்கும் இரண்டு செம்பு ஊற்றலாம்.

அந்த மணப்பாட்டு வள்ளத்துக்குப் பின்பலகையை முழுவதும் பிரித்துப் புதிதாகக் கட்டி, சோதித்த 316 போல்ட்டுகளைப் போட்டுக் கொடுத்தேன், கூலி வாங்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நான்கில் ஒன்றைக் கழற்றிப் பார்ப்பதாக அவரிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். கடந்த ஏப்ரலில், விசைப்படகுகள் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கரையேறிய வாரத்தில், அவர் படகைக் கொண்டுவந்தார். இடப்பக்கத்துக் கீழ்ப்போல்ட்டைக் கழற்றினேன். தண்டில் பசை ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டியபின் காலிப்பரில் பிடித்தேன், மரை இல்லாத பகுதி முழுத் தடிமனில் இருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. வாஷரின் விளிம்பில் மட்டும் கடுகளவு ஒரு புள்ளி. வாஷரை மாற்றி, புதுப் பசை தடவி, மீண்டும் முறுக்கினேன். அடுத்த ஆண்டு வலப்பக்கத்துக் கீழ்ப்போல்ட்டு என்று பட்டறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்.